கட்டாயமில்லாததைக் கடமையாக்கிக் கொண்ட மனிதர்



நீண்ட பதிவு. வழமைபோல வரலாறுதான். ஆனால் இந்த முறை நம்முடைய ஊர்க் கதையோடு தொடங்குகிறேன். கடைசி வரை வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

போன தவணை முடிவில் தரம் பத்துப் பிள்ளைகள் வகுப்பில் ஒரு சாப்பாடு ஏற்பாடு செய்தார்கள். மாட்டிறைச்சிப் புரியாணி, கோழிப் பொரியல், அச்சாறு, கடைசியில் வட்டிலப்பம். பாய் விரித்து ஆறு பேருக்கு ஒரு சஹன். ஒரு சஹனைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவன் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பொதியை அவிழ்த்தான். பருப்பு, கத்தரிக்காய், கீரைச் சுண்டல். வட்டிலப்பத்தையும் அவன் தொடவில்லை. அதில் முட்டை இருக்கிறதல்லவா.

"டேய், நீ என்ன சைவமா?" என்று ஒருவன் கேட்டான். "ஐயர் வந்திரிக்காரு, வழி விடுங்க" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆசிரியர் என்றால் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஒரு பழக்கம் இருக்கிறதே. "மகன், அல்லாஹ் ஹலாலாக்கினத்த நாம ஹராமாக்கப்படாது" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "நான் ஹராம் எண்டு சொல்லல்ல சேர். எனக்கு வேணாம் எண்டுதான் சொன்னன்."

என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த வாரம் அவனுடைய உம்மா பாடசாலைக்கு வந்தார். ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு மகன் முதலில் இறைச்சியை விட்டானாம். பிறகு மீன், முட்டை, பால், தயிர் எல்லாம். இப்போது பிளேன்டீ மட்டும்தான். தொலைபேசியில் பார்த்து "வீகன்" என்ற சொல்லைப் பழகியிருக்கிறான். "வீட்டுல நாங்க ஒண்டும் சொல்லல்ல சேர். ஊர்தான் கதைக்குது. உங்கட மகன் மார்க்கத்த உட்டுப் போகப் போறானா எண்டு ஒராள் முகத்துக்கு நேர கேட்டுட்டார்." கண் கலங்கிவிட்டது அவருக்கு. எழும்பிப் போகும்போது ஒரு கேள்வி கேட்டார். "நீங்க சரித்திரம் படிச்ச ஆள்தானே சேர். நம்மட ஆக்கள்ல இப்படி யாரும் இருந்திருக்காங்களா?"

இருந்திருக்கிறார். அந்தத் தாய்க்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

"வீகன்" என்ற சொல் பிறந்தது 1944இல், இங்கிலாந்தில். டொனால்ட் வட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் இறைச்சி மட்டுமன்றிப் பால், முட்டை போன்றவற்றையும் தவிர்ப்பவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்குத் தேவைப்பட்ட புதுப் பெயர்தான் இது. சொல்லுக்கு வயது எண்பது சொச்சம். ஆனால் அந்தச் சொல் குறிக்கும் வாழ்க்கையை அதற்கு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே, சிரியாவின் ஒரு சிறு நகரத்தில், ஒரு அரபுக் கவிஞர் நாற்பத்தைந்து வருடங்கள் அளவில் வாழ்ந்து காட்டினார். அவர் பெயர் அபுல் அலா அல்-மஅர்ரி.

ஹலபுக்கும் ஹமாவுக்கும் இடையில் இருக்கிறது மஅர்ரதுந் நுஃமான். அத்தியும் ஸைத்தூனும் பிஸ்தாவும் விளையும் பூமி. அங்கே ஹிஜ்ரி 363இல், அதாவது கி.பி. 973 டிசெம்பரில், கற்றவர்கள் நிறைந்த ஒரு குடும்பத்தில் அவர் பிறந்தார். நான்கு வயதளவில் அம்மை நோய் வந்து பார்வை போய்விட்டது. நிறங்களில் சிவப்பு ஒன்றுதான் தனக்கு நினைவிருக்கிறது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நோயில் கிடந்தபோது உடுத்திவிட்ட சட்டையின் நிறம் அது.

பார்வை போனாலும் நினைவாற்றல் அபாரம். கேட்டதைக் கேட்டபடி ஒப்புவிப்பார். ஹலபில் கற்றார். இளம் வயதிலேயே கவிஞராகப் பெயர் எடுத்தார். முப்பத்தைந்து வயதளவில் பக்தாதுக்குப் போனார். அன்றைய உலகில் கல்வி என்றால் பக்தாத்தான். அங்கே ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தார். செல்வந்தர்களைப் புகழ்ந்து பாடிப் பணம் வாங்கும் தொழில் அவருக்கு ஒத்துவரவில்லை. ஊரில் தாய்க்குச் சுகமில்லை என்ற செய்தியும் வந்தது. 1010இல் திரும்பினார். அவர் வந்து சேருமுன் தாய் மௌத்தாகிவிட்டார்.

அதன் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போவதை ஏறத்தாழ நிறுத்திவிட்டார். "இரண்டு சிறைகளின் கைதி" என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்டார். ஒரு சிறை பார்வையின்மை, மற்றது வீடு. திருமணம் முடிக்கவில்லை. அந்தக் காலத்திலிருந்துதான் விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாமல் விட்டார். இறைச்சி, மீன், முட்டை, பால், தேன் எல்லாவற்றையும்தான். தேனைக் கூடவா என்று கேட்பீர்கள். தேனீ தனக்காகச் சேர்த்தது, பால் கன்றுக்காகச் சுரந்தது, முட்டை குஞ்சுக்காக இட்டது என்பது அவர் நியாயம். ஒரு கவிதையில் இவற்றை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். உணவு பருப்பு, இனிப்புக்கு அத்திப்பழம். நம் பிள்ளை கொண்டுவந்த பொதியில் இருந்ததும் ஏறக்குறைய இதுதான்.

அவருடைய பெரிய கவிதைத் தொகுப்பின் பெயரை இங்கே சொல்ல வேண்டும். "லுஸூமு மா லா யல்ஸம்". கட்டாயமில்லாததைத் தனக்குத் தானே கட்டாயமாக்கிக் கொள்ளுதல் என்று பொருள். இது யாப்பைப் பற்றிய பெயர். அரபுக் கவிதையில் வரி முடிவில் ஓர் எழுத்து ஒத்து வந்தால் போதும். இவரோ ஒவ்வொரு கவிதையிலும் கூடுதலாக இன்னோர் எழுத்தும் ஒத்து வர வேண்டும் என்று தனக்கு ஒரு விதி போட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. மற்றக் கவிஞர்கள் எழுதியது பிழை என்றும் அவர் சொல்லவில்லை. தனக்குப் போட்டார், அவ்வளவுதான். அவருடைய சாப்பாட்டையும் இந்தத் தலைப்பை வைத்துத்தான் நான் விளங்கிக்கொள்கிறேன்.

இனி அந்தப் புகழ்பெற்ற கடிதங்களுக்கு வருவோம்.

அவருடைய முதுமையில் கெய்ரோவிலிருந்து ஒருவர் கடிதம் எழுதினார். அல்-முஅய்யத் அஷ்ஷீராஸி. ஃபாத்திமிய அரசில் செல்வாக்குள்ள இஸ்மாஈலி அறிஞர், பின்னர் அந்த அரசின் தலைமை தாஈயாக உயர்ந்தவர். விவாதத்தில் கைதேர்ந்தவர். அபுல் அலாவின் ஒரு கவிதை, அறிவிலும் மார்க்கத்திலும் நோயுற்றவர்களைத் தன்னிடம் வந்து உண்மையைக் கேட்கும்படி அழைக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டார் தாஈ. நானே அந்த நோயாளி, மருந்து தாருங்கள் என்று மிகப் பணிவாக எழுதினார். கேள்வி என்னவோ கூர்மையானது. இறைச்சியை ஏன் விட்டீர்கள்? விலங்கு விலங்கைத் தின்கிறது, இந்த ஏற்பாட்டைச் செய்தவன் படைத்தவன். படைத்தவனைவிட நீங்கள் இரக்கமுள்ளவரா?

கவனியுங்கள். வகுப்பில் நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டதும் இதே கேள்வியின் ஒரு துண்டுதான். ஆயிரம் வருடங்களில் கேள்வி மாறவில்லை.

அபுல் அலாவின் பதிலில் வீறாப்பு இல்லை. விலங்குகளுக்கும் வலி தெரியும் என்றார். பக்தியுள்ளவர்கள் அனுமதிக்கப்பட்ட சிலவற்றைத் தாமாகவே விட்டு வாழ்வது புதிதல்ல என்றார். பிறகு ஒரு சாதாரண விடயத்தைச் சொன்னார். என் வருட வருமானம் இருபது சொச்சம் தீனார். அதில் ஒரு பங்கு பணியாளுக்குப் போய்விடுகிறது. மிச்சத்தில் பருப்பு வகைகளோடு சமாளிக்கிறேன்.

தாஈ விடவில்லை. பணம்தான் பிரச்சினையென்றால் ஹலபின் ஆட்சியாளரிடம் சொல்லி நல்ல சாப்பாட்டுக்கு வழி செய்கிறேன் என்று எழுதினார். அபுல் அலா மறுத்துவிட்டார். எனக்குக் கூடுதலாக எதுவும் வேண்டாம், விட்டதற்குத் திரும்பவும் மாட்டேன் என்பதுதான் சாரம். கடைசியில் தாஈ, முதியவரைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். இந்தக் கடிதங்களை யாகூத் அல்-ஹமவி தன்னுடைய இலக்கியவாணர் வரலாற்று நூலில் சேர்த்து வைத்ததால் இன்று நாம் வாசிக்க முடிகிறது.

வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பாடம் உண்டு. பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ 1047இல் மஅர்ராவைக் கடந்து போனார். அவர் எழுதியது வேறு மாதிரி. அபுல் அலா அந்த ஊரின் தலைவர் போன்றவர், செல்வம் உண்டு, பணியாட்கள் உண்டு, ஆனால் தான் மட்டும் முரட்டுத் துணி உடுத்து, கொஞ்சம் வாற்கோதுமை ரொட்டியோடு நாளைக் கழிக்கிறார், இருநூறு பேருக்கு மேல் வெளியூர்களிலிருந்து வந்து அவரிடம் பாடம் கேட்கிறார்கள் என்கிறார். ஒருவர் ஏழை என்கிறார், மற்றவர் செல்வந்தர் என்கிறார். தாஈயிடமிருந்து தப்பத்தான் கவிஞர் வறுமையைக் காரணம் காட்டினாரா? சில ஆய்வாளர்கள் அப்படி நினைக்கிறார்கள். ஊருக்குள் வந்த பணம் மாணவர்களுக்குப் போயிருக்கலாம், அவர் கையில் நின்றது இருபது தீனாராக இருக்கலாம். ஒன்று மட்டும் இரண்டு சாட்சிகளிலும் ஒத்துப்போகிறது. அவர் தட்டில் இறைச்சி இல்லை.

இன்னொரு கதையும் சொல்வார்கள். அவர் நோயுற்றபோது மருத்துவர் கோழி சாப்பிடச் சொன்னாராம். சமைத்துக் கொண்டுவந்தார்கள். கையால் தடவிப் பார்த்துவிட்டு, உன்னைப் பலவீனமாகக் கண்டதால்தான் உன்னை எழுதிக் கொடுத்தார்கள், சிங்கக் குட்டியை ஏன் எழுதவில்லை என்று அந்தக் கோழியிடம் கேட்டாராம். நடந்ததோ இல்லையோ, அவரைத் தெரிந்தவர்கள் அவரைப் பற்றி நம்பத் தயாராக இருந்த கதை இது.

சும்மா விட்டார்களா? இல்லை. அவருடைய கவிதைகளில் மார்க்கத்தை வியாபாரமாக்குபவர்கள் மீது கடும் சாடல் இருக்கிறது. நம்பிக்கையைப் பற்றியே சந்தேகம் எழுப்பும் வரிகளும் இருக்கின்றன. அதையெல்லாம் நான் சரியென்று சொல்ல வரவில்லை, மறைக்கவும் விரும்பவில்லை. பக்தாதின் பெரிய அறிஞர் இப்னுல் ஜவ்ஸி அவரை ஸிந்தீக் என்றே எழுதினார். ஹலபின் வரலாற்றாசிரியர் இப்னுல் அதீம் அவருக்காக வாதாடித் தனி நூலே எழுதினார். இந்த வழக்கு இன்றும் முடியவில்லை.

ஆனால் அவருடைய சாப்பாட்டுக்காக அவர் மீது வைத்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? இவர் பிராமணர்களின் வழியைப் பின்பற்றுகிறார் என்பது! இந்தியாவின் பிராமணர்கள் இறைச்சி உண்ணாதவர்கள் என்பது அரபு உலகத்துக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பருப்புச் சாப்பிடும் ஒரு முஸ்லிமைப் பார்த்ததும், இவன் அவர்களுடைய ஆள் என்று சொல்லிவிட்டார்கள். "ஐயர் வந்திரிக்காரு" என்ற நம் பிள்ளைகளின் பகிடிக்கும் ஆயிரம் வருட வயது.

தமிழ் பேசும் நமக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். மரக்கறிச் சாப்பாட்டுக்கு நாம் வைத்திருக்கும் ஒரு சொல் "சைவம்". அது ஒரு சமயத்தின் பெயரும்கூட. ஆகவே "நீ சைவமா?" என்ற கேள்வியில் சாப்பாடும் மார்க்கமும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. கேட்பவன் பகிடிக்குக் கேட்கிறான். கேட்கப்படுபவனின் உம்மா இரவு தூங்குவதில்லை.

சரி, ஊரோடு ஒத்துச் சாப்பிடாத இந்த மனிதரை மஅர்ரா எப்படி வைத்திருந்தது? 1026-27 அளவில் நடந்த ஒரு சம்பவம் இதைச் சொல்லும். ஒரு மதுக்கடையில் தனக்கு அநியாயம் நடந்ததாக ஒரு பெண் பள்ளிவாசலில் வந்து முறையிட, ஊரவர்கள் போய் அந்தக் கடையை உடைத்துவிட்டார்கள். ஹலபின் ஆட்சியாளர் ஸாலிஹ் இப்னு மிர்தாஸ் ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேரைப் பிடித்து அடைத்துவிட்டு, படையோடு ஊருக்கு வெளியே வந்து நின்றார். ஊர் யாரிடம் போனது? வீட்டை விட்டு வெளியே வராத, தங்களோடு ஒரு நாளும் இறைச்சி உண்ணாத, பார்வையற்ற அந்த மனிதரிடம்தான். அவரும் தன் விரதத்தை விட்டு வெளியே வந்தார். ஆட்சியாளர் முன் நின்று பேசினார். எழுபது பேரும் விடுதலையானார்கள். அவர் மீண்டும் வீட்டுக்குள் போய்விட்டார்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சாப்பாட்டில் வேறுபட்டவர் ஆபத்தில் ஊரோடு நின்றார். ஊரும் அவரை வெளியே தள்ளாமல் வைத்திருந்ததால்தான் அந்த நாளில் அவர் அங்கே இருந்தார். 1057இல் அவர் இறந்தபோது எண்பதுக்கும் மேற்பட்ட கவிஞர்கள் கபுறடியில் இரங்கற்பா சொன்னதாக நூல்கள் சொல்கின்றன.

அதற்கு 41 வருடங்களுக்குப் பிறகு, 1098 டிசெம்பரில், சிலுவைப் படை மஅர்ராவைப் பிடித்து மக்களைக் கொன்று குவித்தது. பசியில் மனித உடல்களையே தின்றதாக அவர்களுடைய சொந்த வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கோழிக்கு இரங்கிய மனிதரின் ஊரில்! 1944இல் அவருக்கு ஹிஜ்ரிக் கணக்கில் ஆயிரம் ஆண்டு நிறைந்ததற்கு சிரியாவில் பெருவிழா எடுத்தார்கள். எகிப்தின் பார்வையற்ற பேரறிஞர் தாஹா ஹுஸைனும் கலந்துகொண்டார். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வே அபுல் அலாவைப் பற்றியதுதான். இங்கிலாந்தில் "வீகன்" என்ற சொல் பிறந்ததும் அதே 1944. இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததாக நான் எங்கும் வாசிக்கவில்லை. பிறகு 2013 பெப்ரவரியில், சிரிய யுத்தத்தின்போது ஆயுதக் குழுவொன்று மஅர்ராவில் இருந்த அவருடைய சிலையின் தலையை வெட்டியது.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன்.

இறைச்சி என்றதும் நமக்கு ஏன் கோபம் வருகிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிரான பிரசாரத்தைப் பார்த்தோம். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்ததைப் பார்த்தோம். ஜீவகாருண்யம் என்ற நல்ல சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மைக் குறிவைத்தவர்களைப் பார்த்தோம். இப்படிப் பட்ட பிறகு, நம் வீட்டுப் பிள்ளையே "எனக்கு இறைச்சி வேணாம்" என்று சொன்னால், அது அவர்களுடைய குரல் போலவே காதில் விழுகிறது. இது விளங்கக்கூடிய பயம்.

ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. அடுத்தவன் தட்டில் கை வைப்பது வேறு, தன் தட்டில் ஒன்றை வைக்காமல் விடுவது வேறு. மற்றவர்கள் உண்ணக்கூடாது என்று சட்டம் போட்டால் எதிர்ப்போம், அது நம் உரிமை. ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தனக்கு மட்டும் ஒரு விதி போட்டுக்கொண்டால் அதில் யாருடைய உரிமை போகிறது?

எல்லாருக்கும் தெரிந்த ஹதீஸ் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு முன்னால் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. அவர்கள் உண்ணவில்லை. இது ஹராமா என்று காலித் இப்னுல் வலீத் ரழியல்லாஹு அன்ஹு கேட்டார்கள். இல்லை, தமக்கு அதில் விருப்பமில்லை என்பதே பதில். காலித் அவர்கள் அதே இடத்தில் இருந்து உண்டார்கள். உண்டவரை அவர்கள் தடுக்கவில்லை, உண்ணாதவரை யாரும் கேலி செய்யவில்லை. ஒரே விரிப்பில் இரண்டும் நடந்தன. ஃபத்வா சொல்ல நான் மௌலவி அல்ல. ஆனால் அந்த விரிப்பு நம்முடைய சஹனைவிட விசாலமாக இருந்தது என்று மட்டும் எனக்குத் தெரிகிறது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆச்சிரமம் வைத்திருந்து, 1971இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போன சூஃபி பாவா முஹையத்தீனைப் பலர் அறிவீர்கள். அவர் இறைச்சி உண்ணாதவர். தமிழில்தான் பேசினார். அவரைச் சூழ்ந்தவர்கள் அங்கே ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள், அவருடைய சமையலறையில் மரக்கறிதான். அவருடைய கருத்துகளில் உடன்படாதவர்கள் நம்மில் நிறையப் பேர். அது வேறு விடயம். இப்படியும் ஆட்கள் இருந்தார்கள் என்பதே சொல்ல வந்தது.

அந்தத் தாயிடம் இதைச் சுருக்கமாகச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். வளரும் பிள்ளை, மீனும் பாலும் முட்டையும் விட்டால் பி12 விற்றமின் மரக்கறியிலிருந்து கிடைக்காது, வைத்தியரிடம் கேட்டுக் குளிசை எடுங்கள், பருப்பு, கடலை, கௌப்பி, எள்ளு எல்லாம் தாராளமாகக் கொடுங்கள் என்று. அவர் சிரித்தார். "கௌப்பிய அவனே அவிச்சிக்கிறான் சேர். தங்கச்சிக்கும் குடுக்கிறான்."

வகுப்பில் அடுத்த நாள் அபுல் அலாவின் கதையைச் சொன்னேன். அந்தப் பிள்ளையின் பெயரை இழுக்கவில்லை. எழுபது பேரை விடுவித்த இடம் வந்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. முடித்துவிட்டு, அன்று சஹனைச் சுற்றிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன், அது பிழை என்று சொன்னேன். "ஐயர்" என்று சொன்ன பையன் பிறகு என்ன செய்தான் தெரியுமா? கன்ரீனில் இரண்டு கடலைச் சரை வாங்கி ஒன்றை அவனிடம் நீட்டினான். மன்னிப்புக் கேட்டதாக நான் காணவில்லை. பையன்களுக்கு அது போதும்.

நான் இறைச்சி உண்பவன். இந்தப் பெருநாளைக்கும் இன்ஷா அல்லாஹ் உழ்ஹிய்யா கொடுப்பேன். யாரையும் எதையும் விடச் சொல்லி இதை எழுதவில்லை. நம் வீட்டில், நம் ஊரில், கட்டாயமில்லாத ஒன்றைத் தனக்கு மட்டும் கடமையாக்கிக்கொண்ட ஒரு பிள்ளை இருந்தால், பாயில் கொஞ்சம் தள்ளி இருந்து இடம் கொடுங்கள். அவனுடைய பருப்புப் பொதியும் அதே விரிப்பில் இருக்கட்டும்.

வஸ்ஸலாம்.